வளவைக் கிண்டுவது யார் என்று பார்த்த பிறகு பொறியை எடுங்கள்

அந்தத் தை மாதம் இராசவள்ளிக் கொடி காய்ந்து சருகான பிறகு, அம்மா சின்ன மண்வெட்டியையும் ஒரு கடகத்தையும் எடுத்துக்கொண்டு வேலிக்கரைக்குப் போனார். சித்திரையில் அவரே மேடு போட்டு, ஆட்டெரு வைத்து, கிழங்குத் துண்டு நட்டு, முள்முருக்கங் கதியாலில் கொடி ஏற்றிவிட்ட பன்னிரண்டு மேடுகள். முதல் மேட்டில் மண்வெட்டி பட்டதுமே மண் பொசுக்கென்று உள்ளே இறங்கியது. கிழங்கு இருந்த இடத்தில் வெறும் பொந்து, அதற்குள் ஊதா நிறத் தோல் கோப்பை போலக் கிடந்தது, உட்பக்கம் முழுக்கப் பல் வைத்துச் சுரண்டிய கோடுகள். பன்னிரண்டில் எட்டு மேடு அப்படித்தான். மேலே கொடி பச்சையாக இருந்த மாதங்களிலேயே கீழே எல்லாம் முடிந்துவிட்டது, நாங்கள்தான் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதே நேரத்தில் முன் முற்றத்திலும் ஒரு கரைச்சல். லண்டனில் இருக்கும் அக்கா பிள்ளைகளோடு வந்து நின்ற ஆவணியில், பிள்ளைகள் விளையாட என்று யாழ்ப்பாணத்தில் எங்கள் கோண்டாவில் வீட்டு முற்றத்தில் மலேசியன் புல் பதிப்பித்துவிட்டுப் போனார். இரண்டு மாரிக்குள் புல்லுக்கு நடுவில் அங்கங்கே மண் குவியல், சில இடத்தில் விரல் தடிப்பில் நீள நீளமாகப் புடைத்த கோடு, சில இடத்தில் புல் மஞ்சளாகிப் பாய் மாதிரிக் கையோடு உரிந்து வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அத்தான் உடனே எடுத்துச் சொன்னார், "தம்பி, இது மோல். எங்கட பக்கம் எல்லா வீட்டுப் புல்லிலும் இதுதான் வேலை. நான் ஒரு சாமான் அனுப்புறன்." அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் சூரிய ஒளியில் வேலை செய்யும் இரண்டு கம்புகள் கொடுத்தனுப்பினார். மண்ணில் குத்திவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை உறுமும், அதிர்வுக்குப் பயந்து மோல் ஓடும் என்று சொன்னார்கள்.

எங்கள் நாட்டில் மோல் கிடையாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் நல்ல மனதோடு சொல்லும் பாதி ஆலோசனை இந்த ஒரு தவறில்தான் தொடங்குகிறது. மோல் என்பது எலியே இல்லை. மண்புழுவும் புழுவும் தின்னும் வேறொரு பிராணி, கிழங்கைத் தொடாது, தனியாக வாழும், மண்வெட்டி மாதிரி அகன்ற முன்கால் இருக்கும். பிரித்தானியாவில் அதற்குப் பெரும்பாலும் பொறிதான் வைக்கிறார்கள். முன்பு மண்புழுவில் ஸ்ட்ரிக்னைன் நஞ்சு தடவிப் போட்டார்கள், அதையும் 2006இல் தடை செய்துவிட்டார்கள். ஆமணக்கெண்ணெய் தெளிப்பது, உறுமும் கம்பு நடுவது எல்லாம் அந்தப் பிராணியை மனதில் வைத்துச் செய்தவை. எங்கள் கம்பு மூன்று வாரம் உறுமியது. நாலாவது வாரம் அந்தக் கம்புக்கு ஒரு முழம் தள்ளிப் புது மண் குவியல் வந்தது.

எங்கள் வளவில் கிண்டியது அகழான். பேச்சில் அகிழான் என்போம், வயல் பக்கத்தில் வரப்பில் வளை போடுகிற அதே எலி. இன்னும் பெரிய இனமொன்று இருக்கிறது, ஒரு கிலோ வரை நிறை வரும், அதைப் பெருச்சாளி என்பார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சின்ன இனத்துக்கு மோல் ராட் என்றும் ஒரு பெயர் இருப்பதால் இணையத்தில் தேடினால் மோலுக்குரிய வைத்தியமே வந்து நிற்கும். இரண்டு இனத்துக்கும் ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் பாண்டிகூட் என்ற பெயரோ தெலுங்கின் பந்திக்கொக்கிலிருந்து போனது, பன்றி எலி என்று பொருள். இரவில் பொறிக்குள் அகப்பட்டு அது உறுமுவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அப்பு. ஐம்பது வருடம் புகையிலையும் வெங்காயமும் செய்த மனிதர். வந்து குந்தியிருந்து ஒவ்வொரு குவியலாகக் கையால் அளைந்து பார்த்தார். "ஓட்டையைப் பாராதை மோனை, மண்ணைப் பார்" என்றார். அகழான் உள்ளே இருக்கும்போது வாசலைத் தளர்ந்த மண்ணால் உள்ளிருந்தே அடைத்துவிடும். ஆகவே திறந்து கிடக்கிற ஓட்டை பெரும்பாலும் பழைய வாசல், ஆள் இல்லை. ஈரமான, உருண்டை உருண்டையான புது மண் குவிந்து, வாசல் தெரியாமல் இருக்கிறதே, அங்கேதான் ஆள் இருக்கிறது. நான் மாதக்கணக்கில் திறந்த ஓட்டைகளுக்குள்தான் எல்லா மருந்தும் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி ஒரு மாலை, கண்ணில் பட்ட எல்லா வாசலையும் குவியலையும் காலால் மிதித்துச் சமப்படுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஈர்க்கு குத்திவைத்தேன். காலையில் பதினேழில் ஐந்தில் மட்டும் ஈர்க்கு சாய்ந்து புது மண் வந்திருந்தது. ஐந்துதான். மற்றப் பன்னிரண்டைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. இந்த ஒரு இரவு வேலையை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு வருடமும், ஒரு பூனையும் மிஞ்சியிருக்கும்.

புல்லில் இருந்த நீளக் கோடுகள் அகழான் வேலை இல்லை. அது பிள்ளைப்பூச்சி. விரல் அளவு, மண் நிறம், முன்காலால் மேல் மண்ணுக்குள் நீந்துவது போல் போகும், அதனால்தான் புல் புடைத்துக் கோடு கோடாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு இரண்டு மேசைக்கரண்டியை எட்டு லீற்றர் தண்ணீரில் கலந்து, ஒரு சதுர மீற்றர் இடத்தில் பூவாளியால் மெதுவாக ஊற்றிவிட்டு நில்லுங்கள். நாலைந்து நிமிடத்தில் மேலே வந்துவிடும். நான் முதல் தரம் ஊற்றியபோது ஒன்பது வந்தன, அம்மாவின் கோழிகளுக்கு அன்று நல்ல சாப்பாடு. புல் பாயாக உரிந்த இடத்தில் இருந்தது இன்னொன்று: ஒரு அடி சதுரம் புல்லை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டினால், வெள்ளையாக, தலை மட்டும் மண்ணிறமாக, வளைந்து படுத்திருக்கும் வண்டுப் புழுக்கள். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம், பத்துக்கு மேல் இருந்தால்தான் புல்லின் வேர் மிஞ்சாது. எங்கள் வீட்டில் புழுவைக் கொண்டுவந்தது நாங்களேதான் என்று நினைக்கிறேன், புல் பதிக்கும்போது சரியாக உக்காத மாட்டெருவைப் பரப்பியிருந்தோம். அதற்கும் கோழியும் செம்பகமும் மைனாவும் போதும், புல்லை உரித்துக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் விலகி நின்றால் சரி. பிறகு வேப்பம் புண்ணாக்கு தூவி மண் போட்டு மூடினேன். பின்னேரத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றினேன், முற்றத்து லைட்டையும் இரவில் அணைத்துவிட்டோம், பிள்ளைப்பூச்சி வெளிச்சத்துக்கு வரும், இரவில் ஈரமாக இருக்கும் மண்ணையும் விரும்பும். சின்னச் சின்னதாகப் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும் மண் குவியல் மண்புழுவின் எச்சம், அதைத் தொடாதீர்கள்.

மூஞ்சூறையும் சேர்த்து அடித்துவிடாதீர்கள். கூரான மூக்கு, சின்னக் கண், கிட்டப் போனால் ஒரு நாற்றம். அது தின்பது கரப்பானும் புழுவும். ஒரு நாள் பொறியில் அகப்பட்டதைக் கண்ட அம்மா, பிள்ளையாரின் வாகனம் என்று சொல்லி உடனே திறந்துவிடச் சொன்னார், தோட்டத்துக்கும் அதுதான் நல்லது.

இனி நான் செய்த பிழைகள். முதலாவது தண்ணீர். கிணற்று மோட்டரில் பைப் போட்டு ஒரு வளைக்குள் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் விட்டேன். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்துமாக இருக்கும், எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு எலியும் வெளியே வரவில்லை, ஆனால் அடுத்த மாரியில் அந்த இடத்து மதில் ஒரு பக்கம் இறங்கி வெடித்துவிட்டது. அகழானின் வளை ஒரு குழாய் இல்லை, அறை அறையாக, மேலும் கீழுமாகப் போகும், தப்பும் வாசலும் இருக்கும். மதிலுக்கோ கிணற்றுக் கட்டுக்கோ கிட்ட இருக்கும் வளைக்குள் தண்ணீர் விட்டால் எலி செய்யாத சேதத்தை நாமே செய்துவிடுவோம்.

இதே சுண்ணாம்புக்கல்லின் காரணமாக இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், பூச்சி மருந்து எதையும் வளைக்குள் ஊற்றாதீர்கள். குடாநாட்டில் நாம் குடிப்பது அந்தக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரை, மேலே ஊற்றியது கிணற்றுக்கு வரக் கனநாள் எடுக்காது, உங்கள் கிணற்றுக்கு மட்டும்தான் வரும் என்றும் இல்லை. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்.

இரண்டாவது பிழை நஞ்சு. கடையில் நீலக் கட்டியாக ஒன்று தந்தார்கள், எலி தின்றால் நாலைந்து நாளில் உள்ளே இரத்தம் கசிந்து சாகும் வகை. அது உடனே சாகாது என்பதுதான் ஆபத்து. நஞ்சைத் தின்ற எலி தள்ளாடிக்கொண்டு பகலில் வெளியே வரும், யாரும் பிடிக்கலாம். எங்கள் வீட்டுப் பூனை பிடித்தது. ஏழு வயது, குசினி வாசலில் படுத்தால் அம்மா அதைத் தாண்டித்தான் நடப்பார். மூக்கில் இரத்தம் கண்ட பிறகே மிருக வைத்தியரிடம் ஓடினோம். இந்த வகை நஞ்சுக்கு விற்றமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது, நேரத்தோடு போனால் காப்பாற்றலாம் என்று அவர் சொன்னார், நாங்கள் பிந்திவிட்டோம். இன்னொரு வகை, கறுப்புத் தூள், சிங்க் பொஸ்பைட். அது வயிற்றுக்குள் நச்சு வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது, சின்னப் பிள்ளைகள் திரியும் வீட்டில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கொஞ்சம் தின்று வயிறு நொந்து தப்பிய எலி மறுபடி அந்தச் சாப்பாட்டைத் தொடவும் மாட்டாது. நெல் மூட்டைகளுக்கு வைக்கும் வில்லையை வளைக்குள் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதிலிருந்து வரும் வாயு வளை போகும் வழியில் வீட்டு அத்திவாரத்துக்குள்ளும் வரும். வேண்டாம்.

அந்த வருட முடிவில்தான் எங்கள் மாவட்டம் முழுக்கப் பயந்தது. 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு காய்ச்சல் வந்து வடமராட்சிப் பக்கம் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள், பிறகு அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் உயிரோடு இருந்து, காலில் கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். அதுவரை நான் வெறுங்காலோடு, வெறுங்கையோடு வளை கிண்டியவன். இப்போது பூட்ஸும் தடித்த இறப்பர்க் கையுறையும் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை, செத்த எலியை வாலில் பிடித்துத் தூக்குவதும் இல்லை, பையைக் கையில் மாட்டி அப்படியே புரட்டிக் கட்டி, கிணற்றுக்குத் தூரமாக இரண்டடி ஆழத்தில் புதைக்கிறேன். வயல், தோட்டச் சேற்றில் இறங்குபவர்கள் மாரிக்கு முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தடுப்புக் குளிசை பற்றிச் சொல்வார். கிண்டிய பிறகு காய்ச்சலும் உடம்பு உளைவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல், எலி வளையில் வேலை செய்தேன் என்று வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

வளைக்குள் கை விடாதீர்கள் என்று தனியாக எழுதவும் வேண்டும். நாகமும் புடையனும் அகழான் வளையில்தான் படுக்கும். சாரையைக் கண்டால் மட்டும் அடிக்காமல் விடுங்கள், அது அங்கே எலியைத் தேடித்தான் வந்திருக்கிறது.

சரி, என்ன வேலை செய்தது? அடிப்பொறி. நாலு வாங்கினேன். உயிரோடு பிடிக்கும் எலிக்கூடும் ஒன்று இருந்தது, ஆனால் பிடித்ததை என்ன செய்வது? கொண்டுபோய் இன்னொருவர் தோட்டத்தில் விடுவது நியாயமில்லை. நல்ல அடிப்பொறி ஒரு நொடியில் முடித்துவிடும். அகழான் புதுச் சாமானுக்குப் பயப்படும், வைத்த அன்றே அகப்படாது. ஆகவே முதல் மூன்று இரவு பொறியைக் கொளுவாமல், சுட்ட கருவாட்டுத் துண்டும் தேங்காய்ச் சொட்டும் மட்டும் வைத்துத் தின்னவிட்டேன். நாலாம் இரவு கொளுவினேன். அந்த இரவே இரண்டு. பொறியை வெளியில் அல்ல, வளை வாசலுக்கும் மதிலுக்கும் இடையில் அது ஓடும் தடத்தில், குறுக்காக, மேலே ஒரு உடைந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் எலி நுழைய மட்டும் வாசல் விட்டு வைத்தேன், கோழியும் பக்கத்து வீட்டுப் பூனையும் தப்ப. இருபத்து மூன்று நாளில் பதினொன்று. பிறகு ஒரு வாரம் ஈர்க்கு ஒன்றும் சாயவில்லை. அப்போதுதான் அலவாங்கால் வளைகளை உடைத்து, கல்லும் கண்ணாடித் துண்டும் போட்டு இறுக்கி மூடினேன். ஆள் உள்ளே இருக்கும்போது மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பெண் எலி மூன்று வாரம் அளவில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஆறு, எட்டு, சிலவேளை பத்துக்கும் மேல். பொறியால் மட்டும் இதை வெல்ல முடியாது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு அது பக்கத்து வளவு. சொந்தக்காரர்கள் கனடாவில், பதினைந்து வருடமாகப் பூட்டு, இடுப்பளவு பற்றை. ஆடி ஆவணியில் விழும் பனம்பழம் பொறுக்க ஆளில்லாமல் அங்கேயே கிடந்து அழுகும், தேங்காயும் அப்படித்தான். அது எலிக்கு வருடம் முழுக்க அன்னதானம் நடக்கும் மடம் மாதிரி. நான் கோபத்தோடு எழுத நினைத்து, அம்மா தடுத்ததால் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, "மாமி, இப்படி இருக்கு, எலிக்காய்ச்சலும் டெங்கும் என்று பயமாக இருக்கு, துப்புரவாக்க ஒரு ஆளைப் பிடித்துத் தரட்டா?" என்று கேட்டேன். அடுத்த நாளே காசு அனுப்பினார்கள், அவர்களுக்கும் அது பிறந்த வீடு. இரண்டு பேர் நாலு நாள் வேலை செய்தார்கள். பற்றை போன பிறகு வேலி ஓரத்தில் எண்ணினேன், முப்பதுக்கு மேல் வாசல். பனம்பழத்தை இப்போது நாங்கள் பொறுக்குகிறோம், பாத்தி போடுகிறோம், பனங்கிழங்கில் பாதியைக் காயவைத்து ஒடியலாக்கி அவர்களுக்கு அனுப்புகிறோம்.

எங்கள் வீட்டிலும் மாற்றினோம். திறந்த குப்பைக் கிடங்கை மூடினோம், கோழித் தீனை இரவில் மூடியுள்ள வாளிக்குள், விறகுக் குவியலை நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி. பனம்பாத்திக்கு அடியில் அரை அங்குலக் கண் கம்பிவலை விரித்து, சுற்றிவரப் பழைய தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினேன். இராசவள்ளிக்கு மேடு போடுவதற்கு முன் இரண்டடி கிண்டி, அதே வலையைத் தொட்டி மாதிரி மடித்து வைத்து மண் நிரப்பினோம். கோழிக்கூட்டு வலை வேண்டாம், மெல்லிய கம்பி, கண்ணும் பெரிது, குட்டி நுழையும். துத்தநாகம் பூசிய, ஒட்டு வைத்த வலை விலை கூடத்தான். பன்னிரண்டு மேட்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டாது, முதல் வருடம் ஐந்துக்குத்தான் போட்டேன்.

இன்னொரு ஆளும் வந்து சேர்ந்தது. பக்கத்து வளவின் மொட்டைப் பனையில் கூகை ஒன்று, வெள்ளை முகம், இரவில் கரகரவென்று கத்தும். சாக்குருவி என்று ஒழுங்கையில் ஒருவர் கல் எடுத்தார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பனையடியில் கிடந்த உருண்டைகளைக் காட்டினேன், அது விழுங்கிக் கக்கியவை, கையுறையோடு பிரித்தால் உள்ளே எலி மயிரும் தாடை எலும்பும்தான். ஒரு உருண்டையில் இரண்டு மண்டையோடு. அவர் கல்லைக் கீழே போட்டார், அடுத்த கிழமை பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டினார். அந்தப் பனையைத் தறிக்க வேண்டாம் என்று கனடாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்தத் தையில் வலை போட்ட ஐந்து மேடும் முழுதாக வந்தன. வலை போடாத ஏழில் இரண்டை அகழான் தொட்டிருந்தது, அதுவும் வேலிக்கரையில் இருந்தவை. அம்மா பெரிய கிழங்கு ஒன்றை ஒழுங்கை அப்புவுக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றை அன்றே சீவிக் கஞ்சி காய்ச்சினார், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு. நேற்றுப் பின்னேரம் புல்லின் ஓரத்தில் ஒரு புதுக் குவியல் கண்டேன். மிதித்துவிட்டு ஈர்க்கு குத்தியிருக்கிறேன், காலையில் பார்க்க வேண்டும்.